எங்கள் வீட்டு டன்

எங்கள் வீட்டில் இரண்டு வகை டன் புழங்குகிறது. ஒன்று என்னுடையது, ஆயிரம் கிலோ, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இன்னொன்று என் மனைவியுடையது. அதன் அளவு ஆளுக்கு ஆள், கோபத்துக்குக் கோபம் மாறும். "கல்யாண வீட்ல டன் கணக்குல சாம்பார் மிஞ்சிப் போச்சு" என்பாள். "உங்க தங்கச்சி வந்து ஒரு டன் புத்திமதி கொட்டிட்டுப் போறா" என்பாள். ஸ்டோர் ரூம் விஷயத்தில் மட்டும் அவள் கணக்கு அசைந்ததே இல்லை. "நாலு டன் குப்பை கெடக்கு. என்னிக்குத்தான் எடுத்துப் போடப் போறீங்க?"

வேறு யாராவது இப்படிப் பேசினால் விட்டுவிடலாம். நான் செம்பனை ஆலையில் எடை மேடைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் முன்னால் டன்னைப் பற்றி இஷ்டத்துக்குப் பேசுவது, அர்ச்சகர் முன்னால் கற்பூரத்தால் பீடி பற்றவைப்பதைப் போன்றது.

மலேசியாவின் செனாவாங்கில் எங்கள் தாமான் என்கிற குடியிருப்பு இருக்கும் பக்கமெல்லாம் என் அப்பா காலத்தில் ரப்பர் மரங்கள். அவர் விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். இப்போது அங்கே வரிசை வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. மரம் நின்ற இடத்திலெல்லாம் கார் நிற்கிறது, அதுவும் இரண்டு வரிசையாக. ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வெயிலில் நிற்க வேண்டாம், குலையைத் தொட வேண்டாம், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினால் போதும். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதைவிட ராஜயோகம் கிடையாது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை இதுதான். குலைகளை ஏற்றிக்கொண்டு லாரி வந்து மேடை மேல் நிற்கும். மொத்த எடையை எழுதுவேன். உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்பி வரும். அதையும் எழுதுவேன். இரண்டையும் கழித்தால் வருவது நிகர எடை. தோட்டத்துக்குக் காசு அதற்குத்தான். குலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் எண்ணெயாக இறங்கும் என்பதால் கழித்தலில் ஒரு கோடு தவறினாலும் மேனேஜரிடமிருந்து போன் வந்துவிடும். வெறும் லாரியின் எடைக்கு 'டேர்' என்று பெயர். அரபியில் 'கழித்துப் போட்டது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். அதன் முழுப் பொருளும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது.

அந்த மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும் கண்ணில் படாது. பத்துப் பத்தாகத்தான் காட்டும். ஆளில்லாத நேரத்தில் நான் ஏறி நின்றால் 90 என்று காட்டும். நான் 88தான். ஆனால் இரும்போடு வாதாட முடியுமா? அன்று ஆலையில் டிரைவர்களும் மேனேஜர்களும் என் பேனா முனையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இன்று அதே பேனாவால் சாமான் சீட்டில் வெங்காயம் அரைக் கிலோ என்று எழுதினால், மறுபேச்சில்லாமல் முக்கால் கிலோ ஆக்கப்படுகிறது.

ஆகவே இந்த 'நாலு டன்' வழக்கை ஆதாரத்தோடு முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். டன் என்ற சொல் எங்கே பிறந்தது, யார் பெற்றது, என்ன எடை என்று வேரிலிருந்து எடுத்துக் காட்டினால் அவள் வாய் அடைபடும். அகராதியை இறக்கினேன். மகனுடைய கைப்பேசியையும் வாங்கிக்கொண்டேன். "என்னப்பா தேடுறீங்க?" என்றான். டன் என்றேன். "நூறு ரன் அடிச்சா டன்" என்றான். வீட்டில் மூன்றாவது டன் ஒன்றும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

முதல் பக்கத்திலேயே சறுக்கல். டன் என்பது பிறப்பில் எடையே அல்ல. அது பீப்பாய். பழைய ஆங்கிலத்தில் 'துன்னெ' என்றால் பெரிய மரப் பீப்பாய். இன்றைய பிரான்சின் தென்மேற்கில் போர்தோ நகரைச் சுற்றியுள்ள பகுதி, 12ஆம் நூற்றாண்டிலிருந்து 1453 வரை இங்கிலாந்து அரசர் கையில் இருந்தது. அங்கிருந்து திராட்சை மது கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. கப்பல் பெரியதா சிறியதா என்று கேட்டால், இத்தனை பீப்பாய் பிடிக்கும் என்பதுதான் பதில். ஒரு பீப்பாய்க்கு 252 காலன், நம் கணக்கில் 954 லிட்டர் சொச்சம். அந்த மதுவையும் மரத்தையும் சேர்த்து எடை போட்டால் ஆயிரம் கிலோவை ஒட்டி வரும். அதனால் காலப்போக்கில் பீப்பாயின் பெயர் எடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நெடுங்காலம் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள்; பிறகுதான் எழுத்தில் தனித்தனியாகப் பிரித்தார்கள்.

அதாவது 'எவ்வளவு கனம்?' என்று டன் முதலில் கேட்கவில்லை. 'எவ்வளவு இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது?' என்றுதான் கேட்டது. ஸ்டோர் ரூம் வாசலில் நின்று என் மனைவி கேட்பதும் இதையேதான். புத்தகத்தை மூடிவிட்டேன். அவள் அடுப்படியில் இருந்தாள், நல்ல வேளை.

ஆனாலும் கிராணிப் புத்தி விடுமா? எடையானபின் டன் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் என்று மேலே படித்தேன். அங்கேதான் இன்னும் கூத்து. இங்கிலாந்தில் இருபது 'ஹண்டிரட்வெயிட்' சேர்ந்தால் ஒரு டன். பெயரில் நூறு இருக்கிறதே என்று நம்பினால் அதில் இருப்பது 112 ராத்தல். ஆக ஒரு டன் 2,240 ராத்தல், 1,016 கிலோ. அமெரிக்காக்காரனுக்கு இந்த 112 பிடிக்கவில்லை. நூறு என்றால் நூறு என்று சொல்லி டன்னை 2,000 ராத்தலுக்கு இறக்கிவிட்டான். அது 907 கிலோ. பிரெஞ்சுக்காரர்கள் தசமக் கணக்குப்படி ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை என்று ஆயிரம் கிலோவில் நிறுத்தினார்கள். 1972இல் நம் நாட்டில் எடை, அளவைச் சட்டம் வந்து, நாமும் மெல்ல மெல்ல அந்த ஆயிரத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் வேதமாக நினைத்திருந்த டன், மூன்று டன்களில் ஒன்றுதான்.

இந்த மண்ணில் அதற்கு முன்னால் இருந்த அளவுகளுக்கு டன்னைவிட மரியாதை உண்டு என்பது என் கட்சி. மலாய்க்காரர்களின் பிக்குல் என்பது ஓர் ஆள் தோளில் தூக்கும் சுமை, அறுபது கிலோவும் கொஞ்சமும். பெயரிலேயே ஆள் இருக்கிறான், தோள் இருக்கிறது. மூன்று பிக்குல் சேர்ந்தால் ஒரு 'பஹாரா'. இது வேறு யாருமில்லை, நம்முடைய பாரம்தான். சென்னைப் பட்டணத்துக் கணக்கில் இருபது மணங்கு ஒரு பாரம், 500 ராத்தல். இங்கே பஹாரா 400 ராத்தல். கடல் தாண்டி வந்ததில் பாரம் நூறு ராத்தல் இளைத்திருக்கிறது. என் தாத்தாவும் கப்பலேறி வந்து இளைத்தவர்தான். அவர் இழந்ததை மூன்றாம் தலைமுறையில் நான் வட்டியோடு மீட்டுவிட்டேன்.

இந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, வெயில் தாங்கல. ஒன்றரை டன் ஏசி வாங்கிட்டேன்" என்றான். ஒன்றரை டன்னா? அவன் வீட்டுச் சுவர் தாங்குமா? மலேசியாவில் ஏர்கோன் வாங்கப் போனால் ஒரு குதிரைச் சக்தியா, ஒன்றரைக் குதிரையா என்றுதான் கேட்பார்கள். "அங்க டன், இங்க குதிரையா? ரெண்டும் நம்ம ரூம்ல கொள்ளாதே" என்றாள் என் மனைவி.

விசாரித்தால் அது பனிக்கட்டி டன். ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி, அந்த 907 கிலோ, ஒரு நாள் முழுக்க உருகி எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அந்த வேகத்துக்குப் பெயர் ஒரு டன். மணிக்கு 12,000 பிடியூ. இயந்திரம் வருமுன் பனிக்கட்டியை வெட்டி விற்ற வியாபாரத்தின் மிச்சம் இது. அந்த வியாபாரத்துக்கும் சித்தப்பா மகன் ஊருக்கும் உறவு உண்டு. பாஸ்டன் நகரத்து பிரெடெரிக் டியூடர் என்பவர் 1833இல் ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது 180 டன். நான்கு மாதம் கடலில் வந்து சேர்ந்தபோது இருந்தது 100 டன். பாக்கி 80 டன் வழியில் தண்ணீராகிவிட்டது. எந்த ஆலைக் கிராணியும் இந்தச் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டான். அனுப்பியவருக்கோ அதுவே பெருத்த வெற்றி. பிறகு சென்னைக்கும் அவருடைய பனிக்கட்டி வந்தது. கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். சித்தப்பா மகன் அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறான். தன் வீட்டுச் சுவரில் தொங்கும் டன்னுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் உள்ள உறவை அரை மணி நேரம் விளக்கினேன். "அண்ணே, கரண்டு பில்லு கம்மியாக வழி இருந்தா சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

டன்னை வைத்து வரி போட்ட கதையும் உண்டு. கப்பலில் வரும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் இவ்வளவு என்று இங்கிலாந்து அரசருக்குச் சுங்கம். ஆட்சிக்கு வந்ததும் ஆயுள் முழுக்க வசூலிக்க நாடாளுமன்றம் அனுமதிப்பது வழக்கம். 1625இல் முதலாம் சார்லஸ் வந்தபோது மக்களவை ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் தருவோம் என்றது. அவர் அனுமதியில்லாமலே வசூலித்தார்; சண்டை முற்றியது; கடைசியில் அவருடைய தலையே போயிற்று, அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும். எனக்குச் செலவுக்குப் பணம் வாரா வாரம்தான் அனுமதிக்கப்படுகிறது. சார்லஸின் கதையைப் படித்த பின் நான் எதிர்ப்புக் காட்டுவதில்லை.

இதெல்லாம் பழங்கதை, கப்பலை இப்போதாவது எடையில் அளப்பார்கள் என்று கடைசி நம்பிக்கையோடு பார்த்தேன். அங்கேதான் எனக்கு முழு அடி விழுந்தது. 1854இல் பிரிட்டனில் வந்த கப்பல் சட்டம் மூர்சம் என்பவருடைய முறையை ஏற்றது. அதன்படி கப்பலுக்குள் 100 கன அடி இடம் இருந்தால் அது ஒரு டன். உள்ளே பஞ்சு இருக்கிறதா, இரும்பு இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று கேள்வியே இல்லை. 1969 உடன்படிக்கைக்குப் பிறகு சூத்திரம் மாறிவிட்டது. ஆனாலும் இன்றைக்குக் கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பலின் 'கிராஸ் டன்னேஜ்' என்று எழுதியிருப்பது எடை இல்லை. உள்ளே எவ்வளவு இடம் என்பதிலிருந்து வரும் எண்தான்.

வேண்டாம் என்று மனம் சொன்னது. கை அளவு நாடாவை எடுத்துவிட்டது. ஸ்டோர் ரூம் நீளம் 8 அடி, அகலம் 6 அடி, உயரம் 9 அடி. பெருக்கினால் 432 கன அடி. மூர்சம் கணக்கில் 4.32 டன். தரையிலிருந்து கூரை வரை இண்டு இடுக்கில்லாமல் நிரப்பி வைத்திருப்பவன் நான்தான் என்பதால் ஓரங்குலம்கூடக் கழிக்க வழியில்லை. அவள் நாலு என்றுதான் சொல்லிவந்திருக்கிறாள். 0.32 டன்னை எனக்காகத் தள்ளுபடி செய்திருக்கிறாள் என்று தெரிந்ததும் கண்ணில் நீர் வந்தது, தூசியாகவும் இருக்கலாம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். சரக்குக் கூலி போடுகிறவர்களிடம் இன்னொரு டன் இருக்கிறது. அது 40 கன அடிதான். அந்தக் கணக்கில் என் ஸ்டோர் ரூம் 10.8 டன். போதாதென்று கப்பல் கம்பெனிகளுக்கு ஒரு விதி: சரக்கின் எடை டன், இடத்தின் டன் இரண்டையும் பார்த்து எது அதிகமோ அதற்குக் காசு. இந்த விதியை யாரும் சொல்லித் தராமலே எங்கள் வீட்டில் திருமணமான நாள் முதல் அமல்படுத்தி வருகிறார்கள். 10.8 என்ற எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, நாலாக மடித்து, என் பழைய சம்பளச் சீட்டுகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். அது வெளியே வரக் கூடாது.

அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? தமிழ் நேசன் கட்டுகள். 1924இல் தொடங்கிய பத்திரிகை 2019இல் நின்றுபோனது. இனி அச்சாகப் போவதில்லை என்ற பிறகு பழைய பேப்பர் எடுக்கும் பேப்பர் லாமாக்காரனுக்கு எப்படிப் போட மனம் வரும்? அப்பாவின் பால் வெட்டும் கத்தி, மங்குகள், நசுங்கிய வாளி. மாமியார் வீட்டுச் சீதனமாக வந்த தையல் இயந்திரத்தின் கால் பகுதி. தலைப் பகுதி எங்கே என்று நான் கேட்பதில்லை. மூடியில்லாத பிஸ்கட் டின்கள், டின்னில்லாத மூடிகள். ஓடாத மூன்று காற்றாடிகள்; மூன்றையும் பிரித்துச் சேர்த்தால் ஒன்று ஓடும் என்பது என் நெடுநாள் ஆராய்ச்சி. எல்லாவற்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்து மனக்கணக்குப் போட்டேன். 350 கிலோவைத் தாண்டாது. எடையில் நான் ஜெயித்துவிட்டேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

சரி, காலி செய்துவிடுவோம் என்று லாரிக்காரத் தம்பிக்குப் போன் செய்தேன். தொழிற்பேட்டை இருக்கிற ஊரில் லாரிக்குப் பஞ்சமா? "ஒரு டன் லாரியாண்ணே, மூணு டன் லாரியா?" என்றான். இதற்காகவே காத்திருந்தவன்போல், "350 கிலோ, அதிகம் போனால் 360" என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "மெத்தை இருக்கா? கட்டில் சட்டம் இருக்கா? பீரோ படுக்கப் போடலாமா, நிக்க வைக்கணுமா?" என்றான். எடையைச் சொல்லிவிட்டேனே தம்பி, மற்றதெல்லாம் எதற்கு என்றேன். மறுபடியும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அண்ணே, அக்கா வீட்ல இருக்காங்களா? போனைக் கொஞ்சம் அவங்ககிட்ட குடுங்க."

அவள் ஒரே வாக்கியத்தில் பேசி முடித்தாள். "தம்பி, நாலு டன் சாமான், மூணு டன் லாரி கொண்டாந்து ரெண்டு நடையா எடுத்துக்குங்க." அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. சொன்னபடியே இரண்டு நடையில் முடிந்தது. தமிழ் நேசன் கட்டுகள் மட்டும் என் கட்டிலுக்கு அடியில் அடைக்கலம் புகுந்தன. அங்கே எத்தனை கன அடி என்று நான் அளக்கவில்லை.

இரும்புச் சாமான் போன நடையில் நானும் ஏறிக்கொண்டேன். காரணம், பழைய இரும்புக் கடையில் எடை மேடை உண்டு. ஓய்வு பெற்றபின் ஒரு மேடையின் மேல் லாரி ஏறும் அந்த அசைவை அனுபவித்து நாளாகிவிட்டது. முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொத்த எடை போட்டார்கள். உள்ளே போய்ச் சாமானை இறக்கினார்கள். காற்றாடிகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. வெறும் லாரி மறுபடி மேடைக்கு வந்தபோது, எண் சரியாக விழுகிறதா என்று கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்க நான் கீழே இறங்கி நின்றேன்.

"அங்கிள்!" என்று உள்ளேயிருந்து ஒரு பையன் கத்தினான். என் மகன் வயதுகூட இருக்காது. "ஏறி உக்காருங்க அங்கிள். போகும்போது இருந்துட்டு வரும்போது எறங்கிட்டா, உங்களையும் இரும்புன்னு சேத்துக் காசு குடுக்கணும்!"

ஆலையில் எத்தனை டிரைவர்களிடம் எத்தனை தடவை நான் சொன்ன வசனம் அது. ஏறி உட்கார்ந்தேன். லாரிக்காரத் தம்பி ரோட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டே வந்தான். வழியெல்லாம் எனக்கு வேறு வேலை. அன்றைய இரும்பு விலையை என் 88ஆல் பெருக்கிக்கொண்டிருந்தேன். நூறு வெள்ளிகூடத் தேறவில்லை.

வீட்டுக்கு வந்து இதைப் பெரிய நகைச்சுவையாகச் சொன்னேன். என் மனைவி காலியான ஸ்டோர் ரூமில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. துடைப்பத்தை நிறுத்தி நிமிர்ந்து பார்த்து, "வீட்டுக்கே வந்து எடுத்துக்குவாங்களாமா?" என்றாள்.